மருமகளின் வண்டிக்கு ஒரு மேசை

பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் அவருக்குப் பெயர் சீட்டுக்காரர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மெல்லப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். "அண்ணே, எங்க ஆடறீங்க? நம்மளையும் ஒரு கை சேர்த்துக்கோங்களேன்" என்பார்கள். "உட்கார்ற சீட்டுடா தம்பி" என்று அவர் சொன்னதும் பட்டறையே சிரிக்கும். இருக்கைகளைத் தரையோடு முடுக்குவதுதான் அவர் வேலை. அவர் முடுக்கிய இருக்கை ஆடுகிறது என்று எந்த வண்டியும் திரும்பி வந்ததில்லை.

ஒரே மகன். செல்போன் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. மேலேயிருந்து விழுந்துவிடுவானோ என்றுதான் அவன் அம்மா வருஷக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தாள். அவனோ தரையில், டீக்கடை வாசலில், கையில் டம்ளரோடு நின்றபடி மாரடைத்துச் செத்தான். நெஞ்சைப் பிடிக்கக்கூட நேரம் இருக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

அவன் விட்டுப்போனது ஒரு வேன். பார்சல் கம்பெனி ஒன்று கழித்துப் போட்ட வண்டியை வாங்கி, வீடாக மாற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஊர் ஊராகக் கோபுரம்; அவன் மனைவிக்கு ஊர் ஊராகக் கண் பரிசோதனை. கண்ணாடிக் கம்பெனி ஒன்று அவளை ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு திசையில் அறை எடுத்துத் தங்குவதற்குப் பதிலாக, ஒரே வண்டியில் சேர்ந்து போய்விடலாம் என்பது இருவரின் திட்டம். கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் மாட்டியாகிவிட்டது. மேசை மட்டும் பாக்கி. அது எங்கே சுழல வேண்டும் என்று அவன் வேனின் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தான்.

அவன் போன பிறகு வேன் வீட்டு வாசலிலேயே நின்றது. மருமகள் மாமனார் மாமியாரோடு இருந்தாள். மாமியார் பேச்சைக் குறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட, வீடு ஓடியது இவளால்தான். வேலை முடிந்து வருகிற சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, சுடுதண்ணி வச்சிருக்கேன், முதல்ல குளிச்சுட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்காகவே அவர் பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். இல்லையென்றால் எங்கே போயிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"மாமா, அந்த மேசையை மாட்டிக் கொடுத்துடுங்க. நான் கிளம்பறேன்."

"எங்கம்மா?"

"வேலைக்குத்தான். இனிமே ஊர் ஊரா போனாத்தான் வேலைன்னு கம்பெனில சொல்லிட்டாங்க. அதுவும் இல்லாம…" என்று நிறுத்தினாள். பிறகு, "இந்த வீட்டுல எந்தக் கதவைத் திறந்தாலும் அவர் நிக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

அவர் தலையாட்டினார். தட்டில் இருந்ததை மீதம் வைக்காமல் சாப்பிட்டார்.

மேசை சின்னதுதான். கட்டிலுக்கும் டிரைவர் இருக்கைக்கும் நடுவே ஒரு இரும்புத் தூண். அதன் தலையில் மடங்கிய ஒரு கை. அந்தக் கையின் நுனியில் பலகை. கதவுப் பக்கம் திருப்பினால் பரிசோதனைக்கு வருகிறவர் முன்னால் லென்ஸ் பெட்டியை விரிக்கலாம். கட்டில் பக்கம் திருப்பினால் சாப்பிடலாம். ஓட்டும்போது பின்னால் தள்ளி நிறுத்திவிடலாம். கையும் தூணும் சேருமிடத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். லீவரைத் தூக்கினால் பல் விலகும், விட்டால் கவ்வும். இதையெல்லாம் அடியிலிருந்து பிடித்து நிறுத்துவது ஒரு பெரிய நட்டு. வண்டி அதிர்வில் அது இளகாமலிருக்க அதன் மேல் இன்னொரு நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். பட்டறையில் அதைச் செக் நட்டு என்பார்கள்.

சீட்டுக்காரருக்கு அரைநாள் வேலை. அவர் அதை இழுத்தார். பிளைவுட் வளைந்திருக்கிறது என்று ஒரு வாரம். தரைக்கு அடியில் டீசல் டேங்க் இருக்கிறது, பார்த்துத்தான் துளை போட வேண்டும் என்று இன்னொரு வாரம். தூணை நிறுத்தி ரசமட்டம் வைத்துப் பார்த்து, சரியாக இருந்ததையே கழற்றி மறுபடி நிறுத்தினார். நடக்க நடக்க மகன் போட்ட சாக்பீஸ் கோடு அவர் காலடியிலேயே அழிந்துபோனது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனைவி ஒருநாள் திரும்பாமலே கேட்டாள். "ஒரு பஸ்ஸு சீட்டு மொத்தத்தையும் மாட்டற ஆளு, ஒரு மேசையை இன்னும் எவ்வளவு நாளைக்கு மாட்டுவீங்க? அவளை விடுங்க. போகட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தார். பலகையின் முனைகளை உரசி வழவழப்பாக்கி, மருமகளைக் கூப்பிட்டார். அவள் லீவரைத் தூக்கி மேசையை விரலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் ஒரு சுற்று சுற்றி அவள் இடுப்பருகே வந்து நின்றது.

"ஒத்தை விரல்ல சுத்துது மாமா!"

சிரித்தாள். அவன் செத்த பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இரும்மா, கடைசியா ஒரு தடவை இறுக்கிடறேன்" என்று சொல்லி மேசைக்கு அடியில் படுத்தார். அவள் துணிகளை எடுத்துவர வீட்டுக்குள் போனாள். அவர் ஸ்பேனரை வைத்துச் செக் நட்டைக் கழற்றினார்.

அவர் கணக்கு இதுதான். மேடுபள்ளத்தில் சில வாரம் ஓடினால் மிச்சமிருக்கிற நட்டு இளகும். மேசை லொடலொடக்கும். போன் வரும். கொண்டு வா பார்க்கலாம் என்பார். வந்தால் பத்து நாள் இருப்பாள். அதற்கு மேல் அவர் எதையும் யோசிக்கவில்லை. தளர்ந்த ஒரு நட்டு வண்டிக்குள் என்னவெல்லாம் செய்யும் என்று பட்டறையில் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர், அன்றைக்கு அதை நினைக்கவே இல்லை.

மனைவி எழுந்து வந்து, சாப்பாடு கட்டி மருமகள் கையில் கொடுத்தாள். வேன் தெருமுனை திரும்பியது.

அவர் எதிர்பார்த்தபடியே போன் வந்தது.

"மாமா, மேசை லேசா ஆடுது. இங்க பக்கத்துலயே ஒரு மெக்கானிக் இருக்காரு, அவர்கிட்ட இறுக்கிக்கட்டுமா?"

"வேண்டாம்மா. கண்டவனையும் கை வைக்க விடாதே. கொண்டு வா, நானே பார்க்கறேன்."

"அப்போ வெள்ளிக்கிழமை கிளம்பி வரேன். அத்தைகிட்ட சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை அவர் பட்டறைக்கு லீவு போட்டார். அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். முன்னால் போன லாரி சட்டென்று நின்றதில் இவள் பிரேக்கை மிதித்திருக்கிறாள். பின்னால் நிறுத்தியிருந்த மேசை, பல் கவ்வாமல், தூணைச் சுற்றி வீசி வந்து, அவள் தோளில் இறங்கியிருக்கிறது. வண்டி சாலையோர மண்மேட்டில் முட்டி நின்றது.

தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே காறையெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. டாக்டர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். "இன்னும் நாலு விரல் உள்ள தள்ளி அடிச்சிருந்தா கழுத்துங்க. நல்ல நேரம்னு நினைச்சுக்கோங்க" என்றார். சீட்டுக்காரர் கைகூப்பினார்.

அவர் விரும்பியபடியே மருமகள் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கிய கையோடு கூடத்தில் படுத்திருந்தாள். மாமியார் சுவரை மறந்து எழுந்துவிட்டாள். அவளுக்குத் தலை வாரினாள், ஊட்டிவிட்டாள், புரண்டு படுக்க முடியாமல் முனகினால் ஓடிவந்தாள். வீட்டில் மறுபடி பேச்சுக் குரல் கேட்டது. சீட்டுக்காரர் மட்டும் கூடத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு மதியம் மாமியார் கடைக்குப் போயிருந்தாள். மருமகள் தானாகவே ஆரம்பித்தாள்.

"என் தப்புதான் மாமா. லீவரைச் சரியா போடாம எடுத்துட்டேன் போல. நீங்க இவ்வளவு பார்த்துப் பார்த்து மாட்டினீங்க."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். "லீவர் இல்லம்மா" என்றார். பிறகு சொன்னார், எல்லாவற்றையும். எந்த நட்டு, எப்போது கழற்றினார், எதற்காக என்று. நடுவில் அழவில்லை. அழுதால் அவள் தன்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும் என்று பயந்தார்.

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் போன் பண்ணினப்போகூட நீங்க சொல்லலையே."

அவர் வாசற்படியின் விளிம்பை விரலால் தேய்த்தார்.

"அந்த மெக்கானிக் கடைவாசல்ல நின்னுதான் பேசினேன். அவர் கையில ஸ்பேனரோட நின்னாரு." கண்களை மூடிக்கொண்டாள். "அத்தைகிட்ட சொல்லாதீங்க. அவங்களுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

அன்றிலிருந்து அவள் அவரை மாமா என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. எலும்பு கூடியதும், வேறொரு பட்டறையில் மேசையையும் தூணையும் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டு, மடியில் வைத்துக்கொள்ள ஒரு பலகை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மாமியாரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவர் நின்ற பக்கம் திரும்பவில்லை.

மனைவிக்குப் புரியாமலா இருக்கும்? மருமகளிடமிருந்து தினம் போன் வந்தது. தினம் மாமியாரோடு மட்டும் பேச்சு. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அவ ஏன் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறா? என்ன பண்ணினீங்க அவளை?"

சொல்லாதீர்கள் என்று மருமகள் கேட்டுக்கொண்டது நினைவிருந்தது. ஆனால் அவரால் தனியாக அதைத் தூக்க முடியவில்லை. சொல்லிவிட்டார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ போகக் கூடாதுன்னு எனக்கும்தான் இருந்துச்சு. உங்களைவிட அதிகமா இருந்துச்சு. நான் என்ன பண்ணினேன்? சாப்பாடு கட்டிக் குடுத்தேன்."

அதற்குப் பிறகு சண்டை இல்லை, கூச்சல் இல்லை. சமையலை முடித்து அவருக்குப் பரிமாறினாள். அந்த வாரக் கடைசியில் வேன் வாசலில் வந்து நின்றபோது ஒரு பையோடு ஏறிக்கொண்டாள். "கொஞ்ச நாள் அவகூட இருந்துட்டு வரேன். மருந்தை மறந்துடாதீங்க" என்றாள். பக்கத்துத் தெருவுக்கே துணை தேடுகிறவள், முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மருமகள் கண்ணாடியைப் பார்த்து வண்டியை எடுத்தாள்.

கொஞ்ச நாள் என்றது மழைக்காலம் தாண்டியும் முடியவில்லை. பரிசோதனைக்கு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைத்துப் பெயர் கேட்டு அனுப்புகிற வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள் என்று தெரிந்தது. வண்டிக்குள் இருவருக்கும் ஒரே கட்டில்தான். எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்க அவருக்கு நா எழவில்லை.

சீட்டுக்காரர் வேலையை விடவில்லை. முடுக்கிய இருக்கையை ஒருதடவை உலுக்கிப் பார்ப்பவர், இப்போது வரிசை முழுவதையும் முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து வந்து உலுக்குகிறார். வேலை தாமதமாகிறது என்று ஃபோர்மன் சத்தம் போடுகிறார். வீட்டில் ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுகிறார். கூடத்தில் மருமகள் படுத்திருந்த பாயை இன்னும் சுருட்டவில்லை.

ஞாயிறு காலையில் மனைவி பேசுவாள். கேஸ் வந்ததா, முட்டி வலி எப்படி, எதிர்வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பாள். பின்னாலிருந்து, "அத்தை, அடுத்தவங்களை வரச் சொல்லுங்க" என்ற குரல் தெளிவாகக் கேட்கும். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொள்வார்.

"சரி, வச்சிடறேன்" என்பாள் மனைவி. "ஆள் நிறைய நிக்குது."