பச்சை மைக்காவின் குரோமியம்

"இது பாறையோட குரோமியம் இல்லம்மா. உங்க வீட்டுக் குரோமியம்."

என் முதுகலை ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர், கருவி அச்சடித்துத் தந்த தாளைச் சுண்டியபடி இப்படிச் சொன்னார். ஆய்வகத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். "ஆம்பூர்ல இருந்து வர்றே, அப்பாவுக்குத் தோல் பதனிடுற ஷாப்புல வேலை. பையில, துணியில, தலைமுடியில எல்லாம் அதுதானே ஒட்டியிருக்கும்?" வேலூரில் படித்த இரண்டு ஆண்டுகளில் என் அப்பாவைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு முறைதான்.

அந்தத் தாள் ஒரு பச்சை மைக்காவில் குரோமியம் இருப்பதைக் காட்டியது. காக்காப்பொன் என்று ஊரில் சொல்வோமே, அதில் ஒரு வகை. குடியாத்தத்துக்கு மேற்கே ஒரு குன்றில், வெள்ளைப் பாறைக்குள் பச்சைச் செதில்களாக மின்னியதை நானும் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர்த்து வந்தோம். குரோமிய உப்பில் பதனிட்ட ஈரத் தோல்களைப் பீப்பாயிலிருந்து இழுத்துப் போடுவது அப்பாவின் வேலை. அந்த உப்பால் நகக்கண்ணில் ஏறிய நீலம் போகவே போகாது. "இன்னா கண்ணு, ஊட்டுக்கு அஸ்திவாரம் போடப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே கல் மூட்டையை அவர்தான் வண்டியில் ஏற்றினார்.

பேராசிரியர் சொன்னதை நான் நம்பினேன். இன்றைய ஆத்திரத்தில் பாதி அதற்காக என்மேல்தான். அன்று மாலை வீட்டில் கல் மாதிரிகள் இருந்த பைகளை நான் இடம் மாற்றியபோது உதவ வந்த அப்பாவிடம், "தொடாதப்பா!" என்று கத்தினேன். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இல்ல கண்ணு, தொடல." அதன்பிறகு என் புத்தகத்தைக்கூட அவர் நகர்த்தி வைத்ததில்லை.

மைக்கா ஏடு ஏடாக உரியும். ஒவ்வோர் ஏட்டிலும் இரண்டு சிலிக்காத் தகடுகள், நடுவில் அலுமினியம். ஏடுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பொட்டாசியம். அந்தப் பிடி லேசானது, நகத்தால் பிரித்துவிடலாம். ஏடுகள் எந்தக் கோணத்தில் திரும்பி அடுக்கியிருக்கின்றன என்பதில் மைக்காவுக்கு மைக்கா வேறுபாடு உண்டு. நடுவில் எந்த அணு உட்கார்ந்திருக்கிறது என்பதிலும் உண்டு. குரோமியத்துக்கு அலுமினியத்தின் மின்னூட்டமே. அளவும் ஏறக்குறைய பொருந்தும். அலுமினியத்தின் இடத்தில் அது கொஞ்சம் உட்கார்ந்தாலே வெள்ளி நிற மைக்கா பச்சையாகிவிடும். அது கனிமம் உருவாகும்போதே நடப்பது. யார் நகத்திலிருந்தும் உதிர்ந்து அந்த இடத்துக்குள் நுழைய முடியாது. முப்பது வருடம் பாடம் நடத்தியவருக்கு இது தெரியாதா?

ஒரு வாரம் கழித்து, தடித்த பச்சைத் துண்டு ஒன்றின் மேலேடுகளையும் கீழேடுகளையும் உரித்துத் தள்ளிவிட்டு, எவர் விரலும் படாத நடு ஏட்டை இடுக்கியால் எடுத்துக் கருவியில் வைத்தேன். குரோமியம் அப்படியே இருந்தது. அதே பையில் கிடந்த, அதே கைகள் தொட்ட கறுப்பு மைக்காவைக் கழுவாமலே வைத்தேன். அதில் குரோமியம் இல்லை. எங்கள் வீடுதான் காரணமென்றால் கறுப்பை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

பேராசிரியர் இரண்டு தாள்களையும் பார்த்தார். "சரிம்மா, இருக்கட்டும். ஆம்பூர்ப் பொண்ணு குரோமியம் கண்டுபிடிச்சாள்னா வைவாவுல சிரிப்பாங்க. எடுத்துடு. பாஸாகணுமா, வேணாமா?"

எடுத்தேன். 'மாணவியின் வீட்டுச் சூழலால் மாசுபட்டதால் குரோமிய அளவு விலக்கப்பட்டது' என்று அவர் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அந்த ஆய்வேட்டை அப்பா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. உள்ளே அவர் கைகளை அழுக்கு என்று சொல்லும் வரி இருப்பதும், அதை எழுதியது நான் என்பதும் அவருக்குத் தெரியாது.

இந்தத் திங்கட்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். அந்த வரி பொய், அதை நீக்கி இந்த இரண்டு அளவீடுகளையும் சேர்க்க வேண்டும் என்று எழுதிய மனுவை நீட்டினேன். எழுத்தர் இரண்டு முறை படித்தார்.

"இன்னாம்மா இது? உன் புக்கு மேல நீயே கம்ப்ளெய்ன்ட் குடுக்கறியா? பட்டத்துக்கே பேஜாராயிடப் போவுது."

"ஆவட்டும் சார். வாங்கிக்கிட்டதுக்கு சீல் போட்டுக் குடுங்க."

போட்டார். பேராசிரியரின் வீட்டு முகவரிக்கும் ஒரு நகலைத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் ஆம்பூர் பஸ் ஏறினேன்.