பிரேக் சாரின் சட்டை

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு கல்லூரியில் கூடைப்பந்து உதவிப் பயிற்சியாளர். உதவி என்றால் என்ன உதவி என்று கேட்பவர்களுக்கு அக்கா ஒரே வரியில் பதில் சொல்வாள்: "அடுத்தவன் சட்டையைப் பிடிச்சு இழுக்கிற வேலை." கேட்பவர்கள் கிண்டல் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அது அப்பட்டமான உண்மை.

விஷயம் இதுதான். ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஆத்திரத்தில் நடுவரோடு சண்டை போட உள்ளே பாய்ந்தால் அதற்கு டெக்னிக்கல் ஃபவுல் என்று பெயர். எதிரணிக்கு, தடுக்க ஆளில்லாமல் நின்ற இடத்தில் நின்று கூடையில் பந்து போட ஒரு வாய்ப்பைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இந்த விதி எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் மனப்பாடம். இருந்தும் பாய்வார்கள். அதனால் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, தலைமைப் பயிற்சியாளருக்குச் சூடு ஏறும் நேரம் பார்த்து, சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அத்தான் அதில் கைதேர்ந்தவர். ஆட்டக்காரப் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் சார்.

நான் தையற்காரன். கல்லூரிக்கு எதிர் வரிசையில் என் கடை. அத்தான் இழுத்துக் கிழித்த சட்டைகள் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். அந்தக் கல்லூரிக்கு வந்து போன பயிற்சியாளர்களின் வாழ்க்கை வரலாற்றை நான் முதுகுப் பக்கமாகவே படித்தவன்.

முதலில் இருந்தவர் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர். பேப்பரில் எல்லாம் படம் வந்த ஆசாமி. ஆட்டம் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. எப்படி மூச்சு விடுவது என்று யாருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்? "இப்படிப் போடு" என்று போட்டுக் காட்டுவார், விழும். பையன்கள் போட்டால் விழாது. "ஏன்டா விழமாட்டேங்குது?" என்று அவர்களையே கேட்பார். வழவழவென்று மெல்லிய துணியில்தான் சட்டை போடுவார். ஆட்டத்துக்கு ஒன்று கிழிந்து வரும். அடுத்து வந்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அணி வரிசையாக உள்ளே வந்தது, வரிசையாகத் தோற்றது, வரிசையாக வெளியே போனது. கெட்டித் துணி, கிழியவில்லை, அத்தானின் நகம்தான் பெயர்ந்தது. பிறகு ஒரு இயற்பியல் பேராசிரியர். பந்து எந்தக் கோணத்தில் போனால் கூடையில் விழும் என்று கரும்பலகையில் நிரூபித்தார். பந்துதான் அந்த வகுப்புக்கு வரவில்லை. நிர்வாகியின் மருமகன் ஒருவரும் கொஞ்ச காலம் இருந்தார். அவரைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன், இன்னும் என் வாடிக்கையாளர்.

அத்தானுடைய பின்னணியைக் கேட்டால் அது ஒரு பெஞ்சு. மாணவராக இருந்தபோது அதே கல்லூரி அணியில்தான் இருந்தார். ஆனால் அதற்குக் குரூப் போட்டோவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. உட்கார்ந்தபடியே பட்டம் வாங்கினார். பிறகு முறையாகப் பயிற்சிப் படிப்பும் படித்தார். உதவியாளராகச் சேர்ந்தார். அதோடு நின்றுவிட்டார்.

தலைமைப் பயிற்சியாளர்கள் என்றைக்குமே வருடக் கடைசி வரை தாக்குப்பிடித்ததில்லை. பாதியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். உடனே விளையாட்டு அறையில் காற்றடிக்கும் பம்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு பலகையை எடுத்துத் தூசி தட்டி, அறைக் கதவில் மாட்டுவார்கள். 'பயிற்சியாளர்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, வெட்கப்பட்டுக்கொண்டு எழுதின மாதிரி, 'பொறுப்பு' என்று இருக்கும். பொறுப்பு என்றால் அத்தான். மிச்ச ஆட்டங்களில் சிலது ஜெயிப்பார், சிலது தோற்பார். புது ஆள் வந்ததும் பலகை பம்புக்குப் பின்னால் போய்விடும், அத்தான் புது ஆளின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார்.

"உங்களுக்குக் கோபமே வராதா?" என்று அக்கா கேட்பாள். "வந்து என்ன ஆகப்போகுது?" என்று அவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் அப்படியே சாப்பிடுகிற மனிதர். அவரைச் சண்டைக்கு இழுப்பதற்காகவே அக்கா சில நாள் உப்புப் போடாமல் வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியாக வந்தவர் லேப்டாப்போடு வந்து லேப்டாப்போடு போனார். மறுபடியும் பலகை வெளியே வந்தது. ஆனால் இந்தத் தடவை கல்லூரி முதல்வர் அத்தானைக் கூப்பிட்டனுப்பினார்.

"எத்தனை நாளைக்குத்தான் வெளியிலேருந்து ஆளைக் கொண்டுவர்றது? இந்த வருஷம் காலேஜுகளுக்குள்ள நடக்கிற கோப்பையை ஜெயிச்சுக் கொடுங்க சார். அந்தப் பலகையில இருக்கிற பொறுப்பை நானே என் கையால அழிக்கிறேன்."

அத்தான் இதை வீட்டில் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் என் கடை திறக்குமுன் வாசலில் வந்து நின்றாள்.

"அவருக்கு ஒரு நல்ல சட்டை தைச்சுக் கொடுடா. எத்தனை பேர் சட்டையைப் பிடிச்சுட்டு நின்னாரு. இவருக்குன்னு ஒண்ணு நல்லா இருக்கட்டும்."

அணி ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அதில் அத்தானின் பங்கு எவ்வளவு, எதிரணிகளின் புண்ணியம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஜெயித்தது நிஜம். இள நீலத்தில் சட்டை தயாரானது. பழக்க தோஷம், முதுகுத் தையலை இரட்டையாகப் போட்டுவிட்டேன்.

அத்தான் போட்டுப் பார்த்துவிட்டுத் தடவிப் பார்த்தார். "எதுக்கு மாப்ளே இவ்வளவு பலமா?"

"அதானே, உங்களை யார் பிடிச்சு இழுக்கப் போறாங்க?" என்றேன். இருவரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

இறுதி ஆட்டத்தன்று நானும் அக்காவும் மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கீழே அத்தான் கோட்டுக்கு வெளியே நின்றார். அவருக்குப் பின்னால் உதவியாளர் நாற்காலி காலியாக இருந்தது. பொறுப்பில் இருப்பவருக்குக் கல்லூரி உதவியாளர் தருவதில்லை, ஏனென்றால் அந்த உதவியாளர் அவரேதான். நாற்காலியில் அவருடைய துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் சமமான புள்ளிகள். எங்கள் பக்கம் ஒரு பையன் கால் பிசகி வெளியே வந்துவிட, வருடம் முழுக்க பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஒல்லிப் பையனை அத்தான் உள்ளே அனுப்பினார். அவன் பந்தோடு கூடையை நோக்கி எழும்பினான். எதிரணிக்காரன் ஒருவன் தோளால் இடித்தான். ஒல்லிப் பையன் தரையில் விழுந்தான். பந்து வெளியே போனது.

நடுவர் ஃபவுல் கொடுக்கவில்லை. ஆனாலும் எதிரணிக்காரன் மேல் பட்டுத்தான் பந்து வெளியே போயிருந்தது, அது எங்களுக்குத்தான். அத்தான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சும்மா நிற்பது. உலகத்திலேயே அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

நடுவர் குனிந்து பையனிடம், "எந்திரிப்பா, நடிச்சது போதும்" என்றார். மேலே இருந்த எங்களுக்கே கேட்டது.

அத்தான் உள்ளே பாய்ந்தார். நிஜமாகவே பாய்ந்தார். மைதானத்தின் நடுவில் போய் நின்று, "யாரைப் பார்த்து நடிக்கிறான்னு சொல்றே? வருஷம் பூரா உட்கார்ந்து கிடந்த பையன்யா அவன்!" என்று கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. நான் எழுந்து, "பிடிங்க, யாராவது பிடிங்க!" என்று அலறினேன். அத்தனை உயரத்திலிருந்து என் கை எட்டுமா?

நடுவர் ஒரு கையின் விரல்நுனியை இன்னொரு உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்காரன் நிதானமாக நின்று போட்டான், விழுந்தது. மீதி இருந்த நேரத்தில் எங்கள் பையன்கள் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

மூவரும் ஒன்றாக வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் அக்காதான் பேசினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"கல்யாணம் ஆனதுலேருந்து இன்னிக்குத்தான் இந்த மனுஷனுக்குக் கோபம் வந்துச்சு. அதுக்கும் ஒரு பாயிண்ட் அபராதம் போட்டுட்டாங்க."

நிர்வாகக் குழு கூடியது. ஆள் நல்லவர்தான், ஆனால் தலைமைப் பதவிக்கு வேண்டிய நிதானம் இல்லை என்று முடிவு செய்தார்கள். அவர்கள் தேடித் தேடிக் கொண்டுவந்த அத்தனை பேருக்கும் நிதானம் சப்ளை செய்தவர் யார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. உதவியாளர் வேலையில் மட்டும் அவரை விட்டால் ஆளில்லை, தொடரலாம் என்று பெருந்தன்மையாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்து கொஞ்ச நாள் கழித்து அத்தான் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை. அதற்குள் புது ஆளின் சட்டை, முதுகில் ஒரு சாண் கிழிசலோடு. கூடவே அந்த இள நீலச் சட்டையும் இருந்தது. கைப் பொத்தான் அறுந்திருக்கிறது, தைத்து வாங்கி வரச் சொன்னாள் அக்கா என்றார்.

நான் நீலச் சட்டையை விரித்துத் திருப்பினேன். அன்றைக்குக் கழற்றிப் போட்டதோடு சரி, துவைக்கவே இல்லை. முன்பக்கம் முழுக்க வேர்வைக் கறை, அக்குளில் கசங்கல். முதுகுப் பக்கம் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தது கொடுத்தபடியே இருந்தது. ஒரு விரல் பட்ட சுருக்கம்கூட இல்லை. இரட்டைத் தையல் புத்தம் புதிதாக இருந்தது.

"யாராவது ஒருத்தர் பிடிச்சிருக்கக் கூடாதா அத்தான்?"

"என்னையும் பிடிக்க வேண்டி வரும்னு எனக்கே தெரியாதே மாப்ளே" என்றார். பிறகு கிழிந்த சட்டையை என் பக்கம் தள்ளினார்.

"இதை முதல்ல முடி. நாளைக்கு மேட்ச் இருக்கு. பின்பக்கம் நல்லா பலமா போடு, இந்த ஆளு கொஞ்சம் கனம்."