சொல்யூஷன் தடவிய ஒயர்

புது டிவி வந்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பெங்களூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பியது. படம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் என் பழைய ஆம்ப்ளிஃபையரின் ஒயரைச் செருக அதில் இடமே இல்லை. ஆம்ப்ளிஃபையரும், தும் தும் என்று அதிரும் சத்தத்துக்காக முழங்கால் உயரத்துக்கு நிற்கும் சப்-ஊஃபர் பெட்டியும் ஊமையாகிவிட்டன.

ஆட்களோடு பேச எனக்கு வராது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கச் சோல் ஒட்டிவிட்டு வந்து, அந்தப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதுதான் என் பொழுது.

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு வண்டி வரும், அதற்குள் பெட்டி பாடினால் இருக்கட்டும், இல்லையென்றால் போட்டுவிடலாம், பீரோவைத் தள்ளிவைக்க இடம் வேண்டும் என்றாள் என் மனைவி. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

மகன் ஒரு கன்வெர்ட்டரை அனுப்பிவைத்தான். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு டப்பா. டிவியிலிருந்து டிஜிட்டலாக வரும் சத்தத்தைப் பழைய கருவிகளுக்குப் புரியும்படி மாற்றித் தருமாம். அதன் பின்னால் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று ஒரே ஒரு ஜோடி ஓட்டை. ஆம்ப்ளிஃபையருக்கும் அந்த ஜோடி வேண்டும், சப்-ஊஃபருக்கும் அதே ஜோடி வேண்டும். பழைய டிவியில் இரண்டுக்கும் தனித்தனியாக இருந்தது.

பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வரை போனேன். எனக்கு வேண்டிய ஒயரின் பெயர் தெரியவில்லை. படித்தது அஞ்சாவது. கடையில் கூட்டம். எதிரே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாளும் அப்படியே.

கடைசியில் வீட்டிலிருந்த ஒயரை நானே வெட்டினேன். ஒன்றின் முனையில் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒட்டும் வேலை என்றதும் கை தானாகப் பழக்கத்துக்குப் போய்விட்டது. செருப்பு ஒட்ட வைத்திருந்த சொல்யூஷன் பசை டப்பாவைத் திறந்து, செம்புக் கம்பிகள் மேல் தனித்தனியாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்தினேன். மேலே டேப் சுற்றினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சத்தமும் வரவில்லை.

கன்வெர்ட்டரைக் கழற்றினேன், மாட்டினேன். எழுந்து வாசலுக்குப் போனேன், வந்தேன். அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிற மனைவி, வாசனை பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள்.

“இன்னாங்க, ஒயருக்குச் சோல் ஒட்டியிருக்கீங்களா?”

டேப்பைப் பிரித்தாள். கம்பியும் கம்பியும் தொடவே இல்லை, நடுவில் மஞ்சளாக ரப்பர் படிந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சனிக்கிழமை.

அந்த ஒயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். பெயர் தெரியாவிட்டால் என்ன, காட்டலாமே. கடைக்கார பாய் வாங்கி மோந்து பார்த்தார்.

“சூப்பரா ஒட்டியிருக்கண்ணே, பிச்சாக்கூட வராது. ஆனா சத்தம் எப்படித் தாண்டும்?”

நின்றவர்கள் சிரித்தார்கள். காது சுட்டது. போய்விடலாம் என்று கால் திரும்பியது. ஆனாலும் சொல்லிவிட்டேன்: “ஒண்ணு போய் ரெண்டா பிரியணும் பாய். சிவப்புக்கு ஒண்ணு, வெள்ளைக்கு ஒண்ணு.”

“இதைக் கேக்கவா ரெண்டு நாளா எதிர்ல நின்னுட்டு நின்னுட்டுப் போன?” என்றார். பார்த்திருக்கிறார். ஒரு தலையும் இரண்டு வாலுமாக இரண்டு ஒயர்களை எடுத்துத் தந்தார்.

ஞாயிறு காலை மாட்டினேன். ஆம்ப்ளிஃபையர் உடனே பாடியது. சப்-ஊஃபர் மட்டும் கம்மென்று இருந்தது. பக்கத்துத் தெருவில் இரும்பு வண்டியின் மைக் கேட்டது. சிவப்பை மாற்றிப் பார்த்தேன், வெள்ளையை மாற்றிப் பார்த்தேன். வண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பியது. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவியபோதுதான் தெரிந்தது, அதன் சத்தத் திருகு அடியோடு குறைந்திருந்தது. முந்தின நாள் சோதிக்கும்போது நானே திருகியிருப்பேன். மெல்ல ஏற்றினேன். பெட்டி மேல் மனைவி வைத்திருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம் வந்தது.

அவள் டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டிவி வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“அண்ணா, இன்னிக்கு அட்டை மட்டும்தான் இருக்குது.”

வண்டி போன பிறகும் நான் எழுந்து எழுந்து போய் ஒயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.