கேட்டதற்குப் பதில் சொன்னவர்கள்

நான் வேலைக்குப் போகும் ரயிலில் கதைக்கக் கூடாத பெட்டி ஒன்று இருக்கிறது. டேனிஷ் மொழியில் அதற்கு ‘ஸ்டிலசோன’ என்று பெயர். யன்னல் கண்ணாடியில், உதட்டில் விரல் வைத்த படம் ஒட்டியிருக்கும். யாரும் காவல் நிற்பதில்லை. இருந்தும் எல்லோரும் வாய் மூடியிருப்பார்கள். நான் வளர்ந்த கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஓடும் ரயிலில் கடலை விற்பவர் கூவக் கூவ, இரண்டு வரிசை தள்ளி நிற்பவரோடு கலியாணப் பேச்சையே முடித்துவிடுவார்கள். பல வருடங்களாக இந்த அமைதிப் பெட்டியில் போய் இறங்கி நான் செய்யும் வேலை, இரைச்சலுக்குள்ளிருந்து மனிதக் காது பேச்சை எப்படிப் பிரித்தெடுக்கிறது என்று ஆராய்வது.

பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருந்த காலத்தில் கொழும்பில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். கண்டதை எழுத வேண்டும், காணாததை எழுதக் கூடாது என்ற பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு புலமைப்பரிசில், டென்மார்க், காது. என் கட்டுரைகளில் மற்ற ஆய்வாளர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவது, டேனிஷ்காரரை வைத்துச் செய்த ஒன்றைத்தான். அதில் இரைச்சல் என்பது நாலு பேர் மெல்லிய குரலில் புத்தகம் வாசிப்பது. நல்ல கட்டுரை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நான் வளர்ந்தது அந்த இரைச்சலில் அல்ல. ஆகவே தமிழில் ஒரு கேட்டல் சோதனை செய்தேன். இரைச்சலை வெள்ளவத்தை காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் பதிந்தேன்: ஹோர்ன், கண்டக்டரின் கூவல், பழ வண்டிக்காரரின் விலை. வசனங்களை என் குரலிலேயே பேசினேன். டேனிஷ் சோதனையில் ‘கதவருகே பழுப்புப் பை தொங்குகிறது’ என்பதுபோல, யாரும் யாருக்கும் சொல்லாத வசனங்கள் வரும். எங்கள் வீட்டு ஒழுங்கையில் மனிதர் அப்படிக் கதைப்பதில்லை. பாதிப் பேச்சு கேள்வி. நானும் கேள்விகளையே எடுத்தேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய கேட்டல் நிலையத்தில் சோதனை நடந்தது. கணினியைப் பார்த்துக்கொண்டவர் அங்கு வேலைசெய்யும் ஃபஸ்லினா. தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பரமேஸ் அன்ரி ஹெட்போனோடு உட்கார்ந்தார். விதி எளிது: கேட்ட வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியான ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புள்ளி.

காலி வீதி இரைந்தது. அதற்குள் என் குரல்: “மழை வரப்போகுது, குடை இருக்கோ?”

“இருக்குப் பிள்ளை, பைக்குள்ள,” என்றார் அன்ரி.

“பதில் சொல்ல வேண்டாம் அன்ரி. கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கோ.”

“ஓம், ஓம்.”

அடுத்த வசனம்: “சாப்பிட்டாச்சோ?”

“இடியப்பமும் சொதியும். நீர் சாப்பிட்டனீரோ?”

ஃபஸ்லினா சிரிப்பை அடக்கினார். “இப்பிடியே போனா முட்டைதான் மிஸ் போட வரும்.”

“முட்டையோ? நான் சைவம், மகள்.”

நான் அன்ரியின் ஹெட்போனைக் கழற்றி, ஏன் திருப்பிச் சொல்லவில்லை என்று கேட்டேன். அன்ரி என்னை விநோதமாகப் பார்த்தார். “ஒருத்தி சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிறாள். நானும் அதையே திருப்பிச் சொன்னால் பழிப்புக் காட்டின மாதிரியெல்லோ? போன தரம் வேற இடத்தில சோதிச்சவையும் இப்பிடித்தான் பேசினவை. அவையள் தந்த காது மெஷினைப் போட்டால் கோப்பை கழுவுற சத்தமே இடி மாதிரி. அலுமாரிக்குள்ள கிடக்கு.”

அன்ரி மட்டுமல்ல, வயதானவர்களில் பலர் அப்படியே செய்தார்கள். பஸ் இரைச்சலுக்குள் ஒரு கேள்வியைப் பிடித்து, விளங்கி, பொருத்தமான பதிலும் சொன்னவர்களுக்குக் கணினி பூச்சியம் போட்டது. அந்தப் பூச்சியத்தின்படி அவர்களுக்குக் காது அநேகமாகக் கேட்காது. கொடுக்க வேண்டியது சத்தம் கூடிய கருவி. நான் பதிலையும் சரியென்று கணக்கிட்டுக் கட்டுரை எழுதினேன். சஞ்சிகையின் மதிப்பீட்டாளர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள்: கேள்விகளை நீக்கவும், அல்லது அந்த ஆட்களை நீக்கவும்.

எங்கள் ஆய்வுகூடத் தலைவர் யென்ஸ் நல்ல மனிதர். ஆட்களை எடுத்துவிட்டால் கட்டுரை உடனே ஏற்கப்படும், இந்த முறை பேராசிரியர் பதவி எனக்குத்தான் என்றார். “பார்ப்போம்,” என்றேன். வெள்ளவத்தையில் அதைக் கேட்ட எவரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கமாட்டார்கள். யென்ஸ் அதைச் சம்மதம் என்று எடுத்து, பரமேஸ் அன்ரியும் மற்றவர்களும் இல்லாத புதிய அட்டவணை ஒன்றைத் தயாரித்து அனுப்பினார். துப்புரவான அட்டவணை. அவர் அறைக்குப் போய், இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னேன்.

“அவர்கள் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லையே,” என்றார்.

“அவர்களுக்குக் கேட்டது.”

“அது வேறு கேள்வி.”

“இது கேட்டல் சோதனை, யென்ஸ். கேள்வி அது ஒன்றுதான்.”

அவர்களை நீக்காமலே கட்டுரையைத் திருப்பி அனுப்பினேன். சஞ்சிகை நிராகரித்தது. பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. திறமையானவர், வாழ்த்துச் சொன்னேன். கட்டுரை பிறகு ஒரு சிறிய சஞ்சிகையில் வந்தது, ஒருவர்கூடக் குறையாமல். இன்றுவரை யாரும் அதை மேற்கோள் காட்டவில்லை. ஆய்வின் தாக்கம் என்ன என்று வருடாந்த மதிப்பீட்டில் கேட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து ஃபஸ்லினா அனுப்பிய குரல் செய்தியை டேனிஷில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்: “நாங்க இப்ப பதில் சொன்னாலும் மார்க் போடுறோம், மிஸ். பரமேஸ் அன்ரிக்குச் சத்தம் குறைஞ்ச சின்ன மெஷின் குடுத்திருக்கு. மாட்டிக்கொண்டுதான் வாறாங்க.” அப்படியான பதிலுக்கு அவர்களின் படிவத்தில் இடம் இருக்கவில்லை. நான் மாற்றி எழுதவுமில்லை.

இப்போது சோதனையின் இரண்டாம் பதிப்பைத் தயாரிக்கிறேன். அதில் இன்னும் அதிகம் கேள்விகள். நேற்றுக் காலை அமைதிப் பெட்டியில் ஹெட்போனில் ஒலிப்பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் கூவினார், பஸ் உறுமியது, வெள்ளவத்தையிலிருந்து என் குரல் சாப்பிட்டாச்சோ என்றது. “ஓம்,” என்றேன். எதிரே இருந்தவர் நிமிர்ந்து கண்ணாடியில் இருந்த படத்தைக் காட்டினார். தலையசைத்தேன். அடுத்த வசனம் வந்தது: மழை வரப்போகுது, குடை இருக்கோ? வெளியே வயல்களில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“இருக்கு,” என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை.