என் ஓட்ஸை பாபு தின்னான், என் கிட்னி மாட்டிக்கிச்சு

நேத்து ராபர்ட்சன்பேட்டையில சுகர் டாக்டர் முன்னாடி, பொண்டாட்டியை பக்கத்துலயே வச்சுக்கிட்டு வசமா மாட்டிக்கிட்டேன்.

எனக்கு சுகர் வந்து ஆறு வருஷம் ஆச்சு. இந்த தடவை யூரின்ல புரோட்டீன் கசியுதுன்னு ரிப்போர்ட். கிட்னி குடுக்குற முதல் எச்சரிக்கையாம்.

"காலையில இன்னா சாப்புடுறீங்க?"ன்னு கேட்டார் டாக்டர்.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள வீட்டம்மா, "நாலு மணிக்கே எழுந்து ஓட்ஸ் உப்புமா கட்டிக் குடுக்குறேன் டாக்டர். எண்ணெய் கூட சும்மா பேருக்கு தான்"ன்னா.

உண்மை தான். அவ கட்டிக் குடுக்குறா. நான் தான் திங்கறதில்ல.

(பெங்களூருக்கு தினம் ட்ரெயின்ல போற எங்க செட்டுல ஒரு ரூல். அவங்கவங்க டப்பாவை அவங்கவங்க தொடக்கூடாது. என் ஓட்ஸ் பாபுவுக்கு, அவன் பூரி கிழங்கு எனக்கு. மூணு வருஷமா என் டயட்டுல இருந்தது பாபு. ஆளு இன்னும் ஒல்லியாவே இருக்கான்.)

ஒத்துக்கிட்டேன். வீட்டம்மா என் பக்கம் திரும்பாம டாக்டரையே பாத்துக்கிட்டு இருந்தா. அது திட்டுறதை விட மோசம்.

டாக்டர் டேப் எடுத்து வயித்தை அளந்தார்.

"சுகர் தானே டாக்டர் கிட்னியைக் கெடுக்கும்? தொப்பை அது பாட்டுக்கு சும்மா தானே இருக்கு?"

"உங்க ஊர் சயனைடு மேடு கூட சும்மா தான் இருக்கு. காத்தடிச்சா இன்னா ஆவுது?"

(வெளியூர்க்காரங்களுக்கு: சுரங்கத்து மண்ணுல சயனைடு போட்டு தங்கத்தைப் பிரிச்சுட்டு கொட்டின மிச்சம், மலை மாதிரி நிக்குது. காத்தடிச்சா சோத்துத் தட்டு வரைக்கும் வரும்.)

"கொழுப்பும் ஹார்மோன் விடுதுங்க. அடிபோனெக்டின்னு ஒண்ணு கிட்னியோட வடிகட்டியைக் காப்பாத்தும். தொப்பை ஏற ஏற அது குறையும். லெப்டின்னு இன்னொண்ணு ஏறும். அது ரொம்ப ஏறினா வடிகட்டியில தழும்பு விழும். கூடவே சுகரும் இருந்தா ரெண்டு பக்கமும் அடி."

"சரியாவுமா டாக்டர்?"

"இப்போ ஆரம்பம் தான். மாத்திரை போடுங்க, வயித்தைக் குறைங்க, மூணு மாசத்துல திரும்ப டெஸ்ட். கவனிச்சா பிடிச்சு நிறுத்தலாம். விட்டுட்டா கால் வீங்கும், டயாலிசிஸ் வரைக்கும் போவும்."

பொண்ணு இப்போ தான் பத்தாவது படிக்குறா. நெஜமாவே பயந்துட்டேன்.

இன்னைக்கு காலையில ட்ரெயின்ல விஷயத்தைச் சொல்லிட்டு என் ஓட்ஸை நானே தின்னேன். (சுமார் தான். பாபு மேல மரியாதை வந்துடுச்சு.)

"மச்சி, அப்போ நான் இன்னா சாப்புடுறது?"ன்னான் பாபு.

எல்லாரும் சிரிச்சாங்க. வசந்தா அக்கா மட்டும் சிரிக்கல. அவங்களும் எங்க செட்டு தான். கார்மென்ட்ஸ்ல சூப்பர்வைசர், பத்து வருஷமா சுகர்.

"அது இன்னா டெஸ்ட் பா?"

"யூரின் டெஸ்ட் கா. புரோட்டீன் கசியுதான்னு பாக்க ஆல்புமின்னு கேட்டு எடுக்கணும். நீங்க எடுத்தது இல்லியா?"

அக்கா குனிஞ்சு வீங்கியிருந்த காலைப் பாத்தாங்க.

"ரத்தம் மட்டும் தான் குடுப்பேன். ஒரு மாசமா செருப்பு பத்தல பா. புதுசு, அதான் டைட்டா இருக்குன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

பாபு டப்பாவுல இருந்து எடுத்த பூரியை அக்கா திரும்ப டப்பாவுலயே வச்சுட்டாங்க.

நாளைக்கு ரெண்டு பேரும் லீவு. அக்காவை அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.

சுகர் இருக்குறவங்க சொல்லுங்க, யூரின் டெஸ்ட் கடைசியா எப்போ குடுத்தீங்க?

செருப்பு சரியா இருக்கா?