சிஸ்டரின் முன்சக்கரம்

சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். எங்கள் சிஸ்டர் வெள்ளைப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக் குனிந்திருக்கிறார். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் மரக்குழலை அந்த இரும்பு வளையத்தில் பொருத்தி, மறுமுனையில் காதைக் கொடுத்திருக்கிறார். இருமலுக்கு மருந்து வாங்க வந்த பெண் ஒருத்தி வாசலில் நின்று, இருமலையும் மறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். "பைய அசைங்க தம்பி. பேசாதீங்க" என்கிறார் சிஸ்டர். நான் பேசவே இல்லை. சிரிப்பை அடக்கப் பட்ட பாடுதான் அவருக்குப் பேச்சாகக் கேட்டிருக்க வேண்டும்.

தீவில் காட்டை வெட்டி ஆட்களைக் குடியேற்றிக்கொண்டிருந்த அறுபதுகள் அவை. நான் கம்பவுண்டர். டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து காலையில் இறங்கி, சாத்தாமில் ஃபெர்ரி பிடித்து, பாம்பூஃப்ளாட் கரையேறி வேலைக்குப் போவேன். எங்கள் டிஸ்பென்சரியில் டாக்டர், சிஸ்டர், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் அண்ணன், நான் என்று நாலு பேர். டாக்டர் மலையாளி. தமிழ் நன்றாகப் புரியும், ஓரளவு பேசவும் செய்வார். கோபம் வந்தால் மட்டும் இந்திக்குத் தாவிவிடுவார். அந்தத் தீவில் இந்தி எல்லோருக்கும் சொந்தம். வங்காளி, தெலுங்கர், நாங்கள் என ஆளாளுக்கு அதைப் பாரபட்சமில்லாமல் கொலை செய்வோம். சிஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். வீட்டில் எல்லோருக்கும் கடல் தொழில். அவருடைய அண்ணன் இங்கே வந்து படகு வைத்திருந்தார். சிஸ்டருக்குத்தான் பிரசவம் பார்க்கும் வேலை, அவருக்குத்தான் டிஸ்பென்சரியின் ஒரே சைக்கிள். புடவையில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டிப் போவதை அந்த ஊர் முதலில் வாய் பிளந்து பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது.

பழகாதது அதன் சத்தம். கிண்கிணி என்றும் சொல்ல முடியாது, கடகடா என்றும் சொல்ல முடியாது. தகர டப்பாவில் பயறைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று நான் கேலி செய்வேன். ஆனால் அது கேலிக்குரிய விஷயமாக இல்லை. அங்கே பல வீடுகளில் வலி கண்டால் வெளியே மூச்சு விட மாட்டார்கள். நாலு பேருக்குத் தெரிந்தால் வலி நீளும், கண்ணேறு படும் என்று ஒரு நம்பிக்கை. எந்த மொழிக்காரராக இருந்தாலும் இந்த விஷயத்தில் மாமியார்கள் ஒரே கட்சி. சிஸ்டரின் சைக்கிளோ தெருமுனையிலேயே தண்டோரா போட்டுவிடும். அது நிற்கும் வீடு எது என்று பார்க்க ஊரே எட்டிப் பார்க்கும். இதற்குப் பயந்தே சிலர் சிஸ்டருக்கு ஆள் அனுப்புவதைக் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போட்டார்கள். அப்படித் தள்ளிப்போட்ட ஒரு வீட்டில் தாய் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அன்று சிஸ்டர் சாப்பிடவில்லை.

வேகமாக ஓட்டினால் மட்டும் அந்தச் சத்தம் அடங்கிவிடும். அதைக் கண்டுகொண்ட சிஸ்டர், ஊர் எல்லையைத் தொட்டதும் மிதிமிதியென்று மிதித்துப் பறக்க ஆரம்பித்தார். சத்தம் போயிற்று, கோழிகளும் போயின. ஒரு வங்காளிக் கிழவரின் வாத்து ஒன்றும் அடிபட்டது. கிழவர் வாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நேரே டாக்டரிடம் வந்துவிட்டார். டாக்டர் சிஸ்டரைக் கூப்பிட்டு இந்தியில் பிடித்துக்கொண்டார். மெதுவாகவும் போக வேண்டும், சத்தமும் வரக்கூடாது. திங்கட்கிழமை காலை ஊர் வளைவில் தானே நின்று பார்ப்பதாகவும், முடியாவிட்டால் சைக்கிள் டிரஸ்ஸருக்கு என்றும் சொல்லி, "பஸ், கதம்" என்று, அவ்வளவுதான் பேச்சு என்பதுபோல முடித்தார். டிரஸ்ஸர் அண்ணனுக்கு முழங்கால் வலி, சைக்கிள்மேல் வெகுநாளாக ஒரு கண். அது லேடீஸ் சைக்கிள் என்பதுகூட அவருக்குப் பொருட்டில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஓட்டுற கை சரியா இருந்தா சக்கரம் ஏன் சத்தம் போடுது?" என்றார். சிஸ்டர் குனிந்து முன்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். காட்டை ஒட்டிய வீடுகளுக்கு நடந்து போனால் பிள்ளை பிறந்த பிறகுதான் போய்ச் சேர முடியும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சைக்கிள் கடைக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கரையில் அப்போது கடை இல்லை. அக்கரையிலும் உதிரிச் சாமான் வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பல் வர வேண்டும். ஆகவே நோயாளிக்கு என்ன செய்வோமோ அதையே சைக்கிளுக்கும் செய்தோம். மட்கார்டு ஆடுகிறது என்று நான் பேண்டேஜ் சுற்றினேன். மணி அதிர்கிறது என்று பிளாஸ்திரி ஒட்டினேன். கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் பஞ்சு வைத்துக் கட்டினேன். அச்சுக்கு எண்ணெய் இல்லாததால், வயிற்றுக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெயை ஊற்றினேன். அது பிசினாகப் பிடித்துக்கொண்டு மிதிப்பதே பாடாகிவிட்டது. கட்டுப் போட்டு நின்ற அந்த வண்டியைப் பார்த்து, "பெட்ல சேர்த்துக்கலாமா?" என்று டாக்டரே கேட்டார். மட்கார்டும் மணியும் அடங்கியதில், டப்பாவில் பயறு குலுங்குகிற அந்த ஒரு சத்தம் மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம், நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்தார். "தம்பி, இது வேகமாப் போனா உறங்குது, பையப் போனா முழிச்சிக்கிடுது. வாளித் தண்ணிய வேகமாச் சுத்தினா கீழ விழாதுல்லா? அது மாதிரி என்னமோ ஒண்ணு உள்ள உருளுது. வேகத்துல ஓரத்தோட ஒட்டிக்கிடுது" என்றார். பிறகு பையிலிருந்து அந்த மரக்குழலை எடுத்தார். அப்படித்தான் நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. தொட்டிலை ஆட்டுவது போல நான் சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, அவர் குழலை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். தலை எங்கே, கால் எங்கே என்று வயிற்றைத் தடவிப் பார்க்கும்போது வருகிற அதே முகம். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. "இங்கன இருக்கு" என்று விரலை வைத்தார்.

ரிம்மின் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு மெல்லிய குழாய் போல ஓடும். இணைப்புக்குப் பக்கத்தில் அது துருப்பிடித்து ஊசித் துளையாகியிருந்தது. கடல் வற்றும் நேரத்தில் சிஸ்டர் குறுக்குவழியாகக் கரையோரமே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்று வழி செய்ய, பவளப்பாறைப் பொடி உள்ளே புகுந்து குடியேறியிருக்கிறது. சிஸ்டர் ஊசியால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினார். துளை கீழே வரும்படி பிடித்து நான் மரக்கட்டையால் தட்டத் தட்ட, அவர் ஏந்திய பீங்கான் தட்டில் வெள்ளை மணல் பொலபொலவென்று விழுந்தது. வர மாட்டேன் என்று அடம்பிடித்ததை சிரிஞ்சில் நல்ல தண்ணீர் ஏற்றிப் பீய்ச்சி வெளியேற்றினோம். சக்கரத்தை வெயிலில் காயவைத்து, படகில் ஒழுகும் இடத்தை அடைப்பது போலக் குங்கிலியத்தை எண்ணெயில் இளக்கித் துளையை அடைத்தார். அச்சில் என் விளக்கெண்ணெயைத் துடைக்கும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஞாயிறு இரவு சிஸ்டர் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணன் வீட்டில் தங்கிவிட்டார். திங்கட்கிழமை காலை டாக்டரும் டிரஸ்ஸர் அண்ணனும் நானும் வளைவில் நின்றோம். அவர்கள் இருவரும் டிஸ்பென்சரி இருக்கும் பக்கத்தையே பார்த்து நின்றார்கள், அங்கிருந்துதான் சிஸ்டர் வருவார் என்று. நான் வெற்றிலை எச்சிலைத் துப்பத் திரும்பினேன். எங்களுக்குப் பின்னால், ஈரச் செம்மண் பாதையில், நடப்பவர்கள் முந்திவிடும் வேகத்தில் சிஸ்டர் வந்துகொண்டிருந்தார். முன்னால், அவரை அழைத்துவரப் போன ஒரு தெலுங்கர் வீட்டுப் பையன் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தான். சிஸ்டர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். வளைவை அடுத்திருந்த வீட்டின் வேலிக்குள் சைக்கிள் நுழைந்தது. ஒரு சின்னச் சத்தம் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

நேரம் போயிற்று. டாக்டர் சிகரெட்டை முடித்து இன்னொன்று பற்றவைத்தார். "பயந்துட்டாங்க சார், வரமாட்டாங்க" என்றார் டிரஸ்ஸர் அண்ணன். சாவியை இப்போதே வாங்கிக்கொள்கிறவர் போல அவர் கை தானாக நீண்டது. அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மாமியார்க்காரி முகமெல்லாம் சிரிப்பாக வெளியே ஓடிவந்து, ஆண் குழந்தை என்றும், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் நல்லபடியாக முடிந்தது என்றும் உடைந்த இந்தியில் சொன்னாள். வேலியில் சாய்ந்திருந்த சைக்கிளை டாக்டர் அப்போதுதான் பார்த்தார்.

இப்போது பிரசவம் என்றால் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வருகிறது, தெருவே வாசலுக்கு வருகிறது. குழந்தைகள் என்னவோ நன்றாகத்தான் பிறக்கின்றன, மாமியார்களும் மாறிவிட்டார்கள். நல்லதுதான். ஆனாலும் டெலானிபூர் மேட்டில் அந்த அலறலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிஸ்டர் அன்று வெளியே வந்ததுதான் நினைவுக்கு வருகிறது, மனசு நிறைந்துபோகிறது. கையைத் துடைத்தபடி வந்தவர் டாக்டரைப் பார்த்ததும் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ரொம்ப நேரமா நிக்கீங்களோ சார்?"