பக்கத்து சீட்டில் இருந்தது அதே அக்கா இல்லை

வீட்டிலிருந்தே வேலை. ஒரு ஆளை நேரில் பார்த்துப் பேசி வாரம் ஒன்று ஆகிறது.

இன்று திருமயத்தில் பஸ் ஏறி, மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்து சீட்டு அக்கா, "அதுல என்ன தம்பி பாக்குறீங்க?" என்றார்.

கேட்டுவிட்டாரே! விடுவேனா?

"நான் கேம் செய்யுறேன்க்கா. அதுல ஆயிரம் மீன் நீந்தும். அதுக விவரம் பூரா ஒரே வரிசையில இருக்கும். ஒரு மீன் செத்தா, கடைசி மீனைத் தூக்கி அந்த எடத்துல வச்சிருவோம். பழைய எடத்தையே நம்பிப் போய்ப் பாத்தா, அங்க வேற மீன் இருக்கும். அதே மீன்தானான்னு பாக்க ஒரு செக் இருந்துச்சு. வேகத்துக்காக அதை எடுத்துட்டேன். அன்சேஃப்தான்."

"அப்ப ஆள் மாறுனா யாரு பாக்குறது?"

"நான்தான்க்கா பாக்கணும்."

ஸ்கிரீனைக் காட்டிக் காட்டி விளக்கினேன். "புரியுதாக்கா?" என்று நிமிர்ந்தால், பக்கத்தில் மீசை வைத்த ஒரு பெரியவர்.

"அந்தம்மா நமணசமுத்திரத்துலயே எறங்கிட்டாங்க. நான் கடைசியில நின்னுக்கிட்டிருந்தேன், வந்து ஒக்காந்துட்டேன். நீங்க பேசுங்க தம்பி."

பேசினேன். புதுக்கோட்டை வரைக்கும்.

இறங்கியதும் முதல் வேலையாக அந்தச் செக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

இங்கேயும் ஒரு செக் போட்டுப் பார்க்கிறேன். இவ்வளவு நேரம் பேசினேனே, அந்தப் பக்கம் படிக்கிறது அதே ஆள்தானா?